இளம் விண்மீன்களின் துடிப்பை ஆராய டெஸ் தொலைநோக்கியின் 30 நிமிடத் தரவு போதுமா?

போதாது. 2018 முதல் 2020 வரை நாசாவின் விண்வெளித் தொலைநோக்கியான டெஸ் எடுத்த முழுச் சட்டகப் படங்கள் 30 நிமிடத்துக்கு ஒன்று, அதாவது நாளுக்கு 48 புள்ளிகள். நைக்விஸ்ட் எல்லை, அதாவது இந்தத் தரவால் சரியாக அளக்கக்கூடிய மிக வேகமான துடிப்பு, நாளுக்கு 24 சுற்று. டெல்டா ஸ்கூட்டி என்ற வேகமாகத் துடிக்கும் வகையைச் சேர்ந்த இளம் விண்மீன்கள் பலவும் நாளுக்கு 20 முதல் 80 சுற்று வரை துடிப்பவை. 60 சுற்றில் துடிப்பது ஃபூரியர் வரைபடத்தில் (எந்த வேகத்தில் எவ்வளவு துடிப்பு என்று முகடுகளாகக் காட்டுவது) 12இல் போலியாக எழும். வீச்சும் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பீட்டா பிக்டோரிஸ் என்ற இளம் விண்மீனின் கதை இன்னும் மோசம். அதன் முதன்மைத் துடிப்பு 30.4 நிமிடத்துக்கு ஒருமுறை. ஒரு சட்டகத்துக்குள்ளேயே கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று முடிந்து, ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

முதலில் 2 நிமிட, 20 விநாடித் தரவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 2022க்குப் பிந்தைய 200 விநாடிப் படங்கள் தாராளம். லைட்கர்வ் என்ற பைதான் நிரல்தொகுப்பில் இரண்டையும் இறக்கலாம்.

அடுத்த தலைவலி, விண்மீனின் இளமையேதான். கரும்புள்ளிகளும் சுற்றியுள்ள தூசியும் தரும் ஏற்ற இறக்கம் துடிப்பைவிடப் பல மடங்கு பெரிது. டெஸ் குழுவே திருத்தித் தரும் ஒளி வளைவு (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) சிலசமயம் இந்த மெதுவான மாற்றத்தைக் கருவிப் பிழையென்று நினைத்துச் சிதைத்துவிடும். திருத்தாததையும் பக்கத்தில் வரைந்து ஒப்பிடுங்கள். தூசி மறைத்த ஆழமான பள்ளங்களைப் பல்லுறுப்புக் கோவையால் நிரவ முயலாமல், அந்தத் துண்டையே வெட்டி எறிவது நல்லது. நாளுக்கு 1 முதல் 3 சுற்றில் எழும் முகடு சுழற்சியா, காமா டொராடஸ் வகை விண்மீன்களின் மெதுவான துடிப்பா என்று டெஸ் ஒரு வானப் பகுதியைத் தொடர்ந்து பார்க்கும் ஒரே 27 நாள் தரவை மட்டும் வைத்து அடித்துச் சொல்லாதீர்கள்.

டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானில் 21 விகலை (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை) அகலம், முந்தைய கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கிக்கு 4. என்ஜிசி 2264 போன்ற நெருக்கமான விண்மீன் கொத்துகளில் பக்கத்து விண்மீனின் துடிப்பு உங்கள் கணக்கில் வந்துவிடும். ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியே ஃபூரியர் போட்டால் துடிப்பவர் யார் என்று பெரும்பாலும் பிடிபடும்.

27 நாள் தரவில் நாளுக்கு 0.055 சுற்றைவிட நெருங்கிய இரு முகடுகளை நம்ப வேண்டாம். ஒரு முகட்டை உண்மையென ஏற்கச் சமிக்ஞை–இரைச்சல் விகிதம் 4 போதும் என்பது தரைத் தொலைநோக்கிக் காலத்து வழக்கம். இங்கே 5க்குக் கீழே இறங்காதீர்கள். பிறகு அதிர்வெண்களை நாளுக்கு 6 முதல் 8 சுற்று வரையிலான இடைவெளிகளில் மடித்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் எஷெல் வரைபடம் போடுங்கள்; சம இடைவெளியில் உள்ள துடிப்புகள் அதில் நேர் வரிசையாகத் தெரியும். 2020இல் பெடிங் குழு 60 விண்மீன்களில் ஒழுங்கான வரிசைகளைக் கண்டது இவ்வழியில்தான். வேகமாகச் சுழலும் விண்மீனில் வரிசை வளைந்தோ பிளந்தோ தெரியும். அதைப் பார்த்ததும் இடைவெளியை மாற்றி மாற்றி வலிந்து நேராக்க வேண்டாம்.