மேனேஜர் இருந்தும் முதலாளியையே தேடுகிறார்கள்!

கேள்வி: திருப்பூரில் 30 மெஷின் வைத்து பனியன் யூனிட் நடத்துகிறேன். மேனேஜர் போட்டு எட்டு மாதமாகிறது. நூல் வாங்குவது முதல் லீவு கேட்பது வரை இன்னும் என்னிடமே வருகிறார்கள். ‘அதனை அவன்கண் விடல்’ என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார், விட்டுவிடு என்கிறார் அப்பா. இரண்டு முறை விட்டேன். இரண்டு முறையும் டெலிவரி தப்பியது. என்ன செய்வது?

பதில்: அப்பா குறளின் பின்பாதியை மட்டும் சொல்கிறார். ‘இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து’ என்று முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. என்ன வேலை, எதைக் கொண்டு, யார் என்று மூன்றையும் பார்த்த பிறகே விடச் சொல்கிறார் வள்ளுவர். பல யூனிட்டுகளில் வேலையைக் கொடுப்பார்கள், ஆளையும் போடுவார்கள். பணமும் அதிகாரமும் மட்டும் முதலாளியிடமே நிற்கும். நூல் தீர்ந்தால் 2,000 ரூபாய்க்கு உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருப்பவர் டெலிவரிக்கு எப்படிப் பொறுப்பேற்பார்?

முதலில் எழுதிக் கொடுங்கள். நூல், ஊசி, லேபிள், மெஷின் ரிப்பேருக்கு ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அவரே செலவழிக்கலாம். சனிக்கிழமை பில்லோடு கணக்கு. லீவு, ஓவர்டைம், யார் எந்த மெஷினில் என்பதெல்லாம் அவர் முடிவு. பையருக்கு (ஆர்டர் கொடுப்பவருக்கு) சொல்லும் டெலிவரி தேதியும் பீஸ் ரேட்டும் உங்களிடம். கட்டிங்கையும் இப்போதைக்கு விடாதீர்கள். வெட்டிய துணியை ஒட்ட முடியாது. மார்க்கரையும் (வெட்ட வேண்டிய வடிவங்களை அடுக்கி வரைந்த தாள்) துணியின் சுருக்கத்தையும் நீங்கள் பார்த்த பிறகே கத்தி ஓடட்டும். மூன்று ஆர்டர் பிழையில்லாமல் போனால் அதையும் கொடுத்துவிடலாம்.

இதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். கெடுவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். பழைய டெய்லர், பாவம் என்று நீங்களே ஒரு நாள் லீவு கொடுப்பீர்கள். மறுநாள் மொத்தப் பேரும் உங்கள் அறை வாசலில். மேனேஜர் முடிவு தவறென்றால் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், மாற்றி அறிவிப்பதும் அவராகவே இருக்கட்டும்.

விடுவது என்றால் கண்ணை மூடிக்கொள்வதல்ல. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் ‘நாடோறும் நாடுக’ என்றுதான் தொடங்குகிறது. தினமும் மாலை 15 நிமிடம் போதும்: வெட்டியது எத்தனை, தைத்தது எத்தனை, செக்கிங்கில் ஒதுக்கியது எத்தனை, தேங்கி நிற்பது எத்தனை. புதிய ஸ்டைல் லைனில் ஏறும்போது முதல் பத்து பீஸை அவர் டேப் வைத்து அளக்கட்டும். ஓவர்லாக் மெஷின் துணி விளிம்பை வெட்டிக்கொண்டே தைக்கும். அந்தத் தையலைப் பிரித்து மறுபடி ஓட்டினால் அதன் கத்தி துணியை இன்னும் கொஞ்சம் நறுக்கிவிடும். அளவு குறைந்த பீஸை பையர் எடுக்க மாட்டார். மாலையில் கேட்கும் அந்த நான்கு எண்களும் அன்றாடம் வந்தால், டெலிவரி தப்பப்போவது சில நாள் முன்பே தெரிந்துவிடும். பேக்கிங்குக்கு ஆள் சேர்க்கவோ பையரிடம் பேசவோ அவகாசம் இருக்கும்.

இத்தனையும் கொடுத்து இரண்டு மாதம் கழித்தும் தேங்கல் குறையவில்லையென்றால், அப்போது ஆளை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.