பிரார்த்தனை பலிக்கிறதா என்று யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். பெரிய அளவில் நடந்தது அமெரிக்காவில்; முடிவு 2006-ல் வெளியானது. 6 மருத்துவமனைகள், பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 நோயாளிகள். முன்பின் தெரியாத கிறிஸ்தவக் குழுவினர், நோயாளியின் பெயரையும் இனிஷியலையும் மட்டும் வைத்துக்கொண்டு 14 நாள் ஜெபித்தார்கள். சிக்கலில்லாமல் சீக்கிரம் குணமாக வேண்டும் என்ற வேண்டுதல் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

‘உங்களுக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் போகலாம்’ என்று சொல்லப்பட்டவர்களில், ஜெபம் கிடைத்தோரில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, கிடைக்காதோரில் 51. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். வேடிக்கை மூன்றாவது குழுவில்தான். நிச்சயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்டவர்களில் 59! ‘ஜெபக் குழுவைக் கூப்பிடுகிற அளவுக்கா என் நிலைமை மோசம்?’ என்ற பயமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் ஒருவரே ஊகித்தார்.

சரி, இதோடு கடவுள் இல்லை என்றாகிவிடுமா? ஆகாது. வீட்டாரும் நண்பர்களும் செய்த ஜெபத்தை யாரும் நிறுத்தவில்லை. அதனால் ஜெபமே இல்லாத குழு என்று ஒன்று அங்கே இல்லை. ஆனால் ‘கடவுளைச் சோதிக்கக் கூடாது’ என்று இந்த ஆய்வைத் தள்ளிவிட்டு, குணமானவரை மட்டும் மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.