கிணற்றுக்குள் பாடுவதுபோல் கேட்கிறதா? ஐபேடில் பாட்டுப் பதிவு செய்ய எதை வாங்குவது, எதை விடுவது

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டிலேயே வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். வெளியூர் மாணவிகளுக்குப் பாடம் பதிவு செய்து அனுப்ப வேண்டியிருக்கிறது. என் குருவிடம் கற்ற கீர்த்தனைகளையும் நல்ல முறையில் பதிந்து வைக்க ஆசை. பத்தாம் தலைமுறை ஐபேட் வைத்திருக்கிறேன். அதில் அப்படியே பதிவு செய்தால் கிணற்றுக்குள் பாடுவதுபோல் கேட்கிறது. கடையில் கேட்டால் கண்டென்சர் மைக், புளூடூத் ஹெட்ஃபோன், மாதச் சந்தா கட்டும் செயலி என்று பெரிய பட்டியல் தருகிறார்கள். என் சுருதி ஐந்தரைக் கட்டை. மகன் சில நாள் மிருதங்கம் வாசிப்பான். உண்மையில் எது தேவை?

பதில்: கடைக்காரரின் பட்டியலில் மைக் மட்டும் இருக்கட்டும். மற்ற இரண்டையும் அடித்துவிடுங்கள். ஆனால் மைக் வாங்கவும் ஒரு வாரம் பொறுங்கள். நீங்கள் சொல்லும் அந்தக் கிணறு ஐபேடில் இல்லை, உங்கள் கூடத்தில் இருக்கிறது.

டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை என்றிருக்கும் அறையில் குரல் எல்லாப் பக்கமும் மோதித் திரும்புகிறது. ஐபேடை ஒரு முழம், இரண்டு முழம் தள்ளி வைத்துப் பாடினால், அதில் உள்ள மைக்குக்கு உங்கள் குரலும் சுவரிலிருந்து திரும்பும் ஒலியும் ஏறக்குறைய சரிசமமாகப் போய்ச் சேர்கின்றன. தூரம் பாதியாகக் குறைந்தால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 80 செ.மீ. தூரத்திலிருந்து 20 செ.மீ.க்கு நெருங்கினால் 12 டெசிபல் கூடும். அறையின் எதிரொலி மட்டும் இருந்த அளவிலேயே இருக்கும். கிணறு மறைவது இந்தக் கணக்கால்தான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மைக்கும் தூரத்தில் வைத்தால் கிணற்றைத்தான் பதியும்.

இன்றே செலவில்லாமல் ஒன்று செய்து பாருங்கள். கூடத்தை விட்டுப் படுக்கையறைக்குப் போங்கள். மெத்தையும் துணி நிறைந்த பீரோவும் இருக்கும் அறை போதும். ஜமக்காளம் விரித்து, தெருச் சத்தம் வரும் சன்னலைப் பார்த்தபடி உட்காருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் கொடியில் தடித்த ரஜாய் ஒன்றைத் தொங்கவிடுங்கள். பலரும் மைக்குக்குப் பின்னால் போர்வையைக் கட்டுகிறார்கள். மைக் பார்ப்பது உங்களை. உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் சேர்த்தே அது பார்க்கிறது. ஆகவே முதலில் மூட வேண்டியது அந்தச் சுவரைத்தான். சன்னலைப் பார்த்து உட்காரச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பாட்டுக்கு வாங்கும் மைக்குகள் பெரும்பாலும் முன்பக்கம் நன்றாகவும் பின்பக்கம் மிகக் குறைவாகவும் ஒலியை வாங்கும் கார்டியாய்டு வகை. மைக்கின் முதுகு சன்னல் பக்கம் இருந்தால் தெருச் சத்தம் அந்த அளவுக்கு அடங்கும். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். வெயில் காலத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். விடியற்காலை ஐந்து மணியை இதற்கென்று ஒதுக்குங்கள். தெருவும் அமைதியாக இருக்கும்.

இதைச் செய்தபின் மைக்குக்கு வருவோம். அறை அமைதியாக இருந்தால் ஆடியோ-டெக்னிகா ஏடி2020 போன்ற கண்டென்சர் மைக் உங்கள் குரலின் நுணுக்கத்தை நன்றாக வாங்கும். அதற்கு 48 வோல்ட் மின்சாரம் கேபிள் வழியே போக வேண்டும். பஸ் போகும் தெருவில் வீடு இருந்தால் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் வாங்குங்கள். அதற்கு இந்த மின்சாரம் வேண்டாம், கீழே விழுந்தாலும் தாங்கும். டைனமிக் மைக் வெளிச்சத்தத்தைத் தானாக ஒதுக்கிவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். அது சரியில்லை. அந்த மைக்குக்கு நாம் வாயை மிக நெருக்கமாகக் கொண்டுபோகிறோம். அதனால்தான் மற்றச் சத்தங்கள் சின்னதாகிவிடுகின்றன.

கண்டென்சர் மைக்கை ஒரு சாண் தூரத்தில், மூக்கின் உயரத்துக்கு வைத்து, வாயை நோக்கிச் சற்றே கீழே சாய்த்துவிடுங்கள். மூச்சுக்காற்று நேராக அடிக்காது. மந்திர ஸ்தாயியில் பாடும்போது மைக்கோடு ஒட்டிப் போகாதீர்கள். நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலிகள் வீங்கும். மந்திர பஞ்சமம் உறுமலாகிவிடும்.

நம் சங்கீதத்துக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்கிறேன். மூத்த பாடகி ஒருவரின் வீட்டில் ஒரு காலை முழுதும் பதிவு செய்தேன். அவர் பாடும்போது எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஹெட்ஃபோனில் கேட்டபோது ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் ‘தும்’ என்று ஓர் ஒலி இருந்தது. தொடையில் போடும் தாளம் தரை வழியாக ஸ்டாண்டுக்கு ஏறி, மைக்குக்குப் போயிருந்தது. வீச்சு வரும் இடமெல்லாம் வளையல்கள் கிணுங்கின. அன்றைய பாட்டு அபாரமான பாட்டு. அதை மறுபடி அப்படிப் பாட வைக்க முடியவில்லை. ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் துண்டை நான்காக மடித்து வையுங்கள். தொடைமேல் ஒரு சின்னத் தலையணை. வளையலைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

அடுத்து, மைக்கை ஐபேடோடு இணைப்பது. உங்கள் ஐபேடில் யுஎஸ்பி-சி துளை ஒன்றே ஒன்று. ஹெட்ஃபோன் துளை கிடையாது. நேரே செருகும் யுஎஸ்பி மைக் வாங்கினால், ஹெட்ஃபோன் மாட்டும் துளை அந்த மைக்கிலேயே இருக்க வேண்டும். நீங்கள் தனியாகப் பாடுவதோடு சரி என்றால் அதுவே போதும் என்று சொல்லியிருப்பேன். மகனின் மிருதங்கம் இருப்பதால் சொல்ல மாட்டேன். இரண்டு யுஎஸ்பி மைக்குகளைச் செருகி இரண்டையும் ஒரே நேரத்தில் பதிய ஐபேடில் வழியில்லை. ஒரு சமயத்தில் ஓர் ஒலிச்சாதனத்தைத்தான் அது ஏற்கும். ஆகவே இரண்டு மைக் உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். மைக்கின் ஒலியை வாங்கி ஐபேடுக்குக் கொடுக்கும் சிறு பெட்டி அது. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டும் அதிலிருந்தே போகும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மோட்டு எம்2 இரண்டும் இந்த வகை. ஸ்கார்லெட் சோலோ விலை குறைவுதான், ஆனால் அதில் மைக் உள்ளீடு ஒன்றுதான். அந்தச் சிறு மிச்சத்துக்காக அதை எடுக்காதீர்கள். கூடவே, ஒரே துளையைப் பல துளைகளாக்கும் யுஎஸ்பி-சி ஹப் ஒன்றும் வேண்டும், அதில் சார்ஜரைச் செருகும் வசதி இருக்கட்டும். இன்டர்ஃபேஸ் ஐபேடிலிருந்து மின்சாரம் இழுக்கும். பாதிப் பாட்டில் பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது. சார்ஜர் செருகியிருக்கும்போது ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் சார்ஜரை மட்டும் கழற்றிப் பாருங்கள்.

புளூடூத் ஹெட்ஃபோனை ஏன் அடித்தேன் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். புளூடூத் வழியே ஒலி காதுக்கு வர 100 முதல் 200 மில்லி நொடி வரை, சிலவற்றில் அதற்கும் மேல் ஆகும். ஆதி தாளத்தை நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் போட்டால் ஒரு தட்டு 750 மில்லி நொடி. சதுச்ர நடையில் அதில் நான்கு மாத்திரை, மாத்திரைக்கு 187. அதாவது, நீங்கள் பாடியது கிட்டத்தட்ட ஒரு மாத்திரை தள்ளி உங்கள் காதுக்கு வருகிறது. எத்தனை தேர்ந்த லய ஞானம் இருந்தாலும் அதைக் கேட்டுக்கொண்டே பாட முடியாது. காதை முழுக்க மூடும், கம்பியுள்ள சாதாரண ஹெட்ஃபோன் வாங்கி இன்டர்ஃபேஸில் மாட்டுங்கள். ஒரு காதை மட்டும் மூடிப் பாடுவது உங்களுக்கு வசதியாக இருக்கலாம். அப்படியானால் ஹெட்ஃபோனின் மற்றக் குமிழைத் தலையோடு அழுத்தி வையுங்கள், தம்புரா ஒலி மைக்குக்குள் கசியாது.

இனி செயலி. பாடம் அனுப்ப மட்டும் என்றால் ஐபேடோடு வரும் வாய்ஸ் மெமோஸ் செயலியே போதும். இன்டர்ஃபேஸைச் செருகினால் அந்த மைக்கிலிருந்தே பதியும். அமைப்புகளில் ஒலித்தரத்தை ‘லாஸ்லெஸ்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். தம்புரா, குரல், மிருதங்கம் என்று தனித்தனித் தடங்கள் வேண்டும் கீர்த்தனைகளுக்கு கேரேஜ்பேண்ட். அது இலவசம், ஐபேடில் 32 தடங்கள் வரை தரும். உங்களுக்கு நான்குக்கு மேல் தேவைப்படாது. 2023 மே மாதம் வந்த லாஜிக் புரோவின் ஐபேட் பதிப்பு அருமையான செயலி, ஆனால் சந்தா. பத்திருபது தடங்களைக் கலந்து மெருகேற்றுகிறவர்களுக்கு அந்தப் பணம் தகும். ஒரே முறை பணம் கொடுத்து வைத்துக்கொள்ள விரும்பினால் குபேசிஸ் 3 இருக்கிறது, அது ஆண்ட்ராய்டிலும் கிடைக்கும். ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் இலவசமான பேண்ட்லேபில் தொடங்கலாம். ஆனால் ஒலித் தாமதம் கருவிக்குக் கருவி மாறும். இன்டர்ஃபேஸ் வாங்குமுன் உங்கள் டேப்லெட்டிலேயே செருகிப் பார்த்துவிடுங்கள்.

எந்தச் செயலியானாலும் ஒன்றை மனத்தில் வையுங்கள். இவை வேறோர் இசைமரபுக்காகச் செய்யப்பட்டவை. பாட்டுக்கு மாறாத வேகம் இருக்கும், நான்கு தட்டில் ஒரு கட்டம் அடங்கும், ஸ்வரம் படிக்கட்டில் நிற்பதுபோல் நிற்கும் என்று நம்பி இவற்றை அமைத்திருக்கிறார்கள். உதவி என்று அவை தாமாகச் செய்யும் பலவும் நமக்கு இடைஞ்சல்தான். கேரேஜ்பேண்டைத் திறந்ததும் முதல் வேலை, அவற்றை அணைப்பது.

தட்டுக்குத் தட்டு ‘டிக்’ என்று ஒலிக்கும் மெட்ரோனோமை அணையுங்கள். அடுத்தது பலரைத் திகைக்க வைக்கும் இடம். தொடக்க அமைப்பில் ஒரு பகுதியின் நீளம் எட்டு பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டுள்ள ஒரு கட்டம்), வேகம் நிமிடத்துக்கு 110 தட்டு. கணக்குப் போட்டால் பதினேழு நொடி. அனுபல்லவிக்குப் போகுமுன்பே பகுதி முடிந்துவிடும். மேலே வலது பக்கமுள்ள கூட்டல் குறியைத் தொட்டு, பகுதி நீளத்தை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கிவிடுங்கள். தாளக் கட்டங்களில் அதற்குத் தெரிந்தவை 4/4, 3/4, 6/8 மூன்றே. ஆதியும் ரூபகமும் ஒருவாறு அடங்கும். மிஸ்ர சாபுவுக்கும் கண்ட சாபுவுக்கும் அங்கே இடமில்லை. ஆகவே திரையில் தெரியும் கோடுகளைப் பொருட்படுத்தாமல் பாடுங்கள்.

‘நாய்ஸ் கேட்’ என்பதை அணையுங்கள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒலி இறங்கினால் அது கதவைச் சாத்திவிடும். நீங்கள் ஒரு கார்வையை மெல்ல மெல்லத் தேய்த்து முடிக்கும்போது கடைசி இழை அறுபட்டுவிடும். ஸ்வரத்தைத் ‘திருத்தும்’ வசதி எந்தச் செயலியில் இருந்தாலும் அதன் பக்கம் போகவே போகாதீர்கள். தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அந்த அசைவுதான் காந்தாரம். இந்த வசதி அதைப் பிழை என்று எண்ணி, பக்கத்திலிருக்கும் பன்னிரண்டு படிகளில் ஒன்றில் உட்கார வைக்கப் பார்க்கும். உங்கள் குருவின் பாடாந்தரத்தைப் பதிந்து வைக்கத்தானே இவ்வளவும்? அந்த அசைவு போய்விட்டால் பதிவில் மிஞ்சுவது சாகித்யம் மட்டும்தான்.

தம்புராவை அறையில் ஒலிக்கவிட்டுப் பாடாதீர்கள். குரல் தடத்துக்குள் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. கைபேசியில் தம்புரா செயலி ஒன்றை ஐந்தரைக் கட்டையில், அதாவது ஜி ஷார்ப்பில் வைத்து, கேபிள் வழியாக இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்து, பத்து நிமிடம் தனித் தடமாகப் பதியுங்கள். பிறகு அதை ஹெட்ஃபோனில் கேட்டபடி பாடலாம். இந்த இடத்தில் கேபிள் முக்கியம். கைபேசியின் ஸ்டீரியோ முனையை இருபுறமும் ஸ்டீரியோவாக உள்ள கேபிளால் நேரே செருகினால், இன்டர்ஃபேஸ் இடது வலது இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துவிடும். இரண்டிலும் ஒரே தம்புரா ஒலி என்றால் கழித்தபின் ஏறக்குறைய நிசப்தம்தான் மிஞ்சும். எந்தக் கருவி கெட்டுவிட்டது என்று நாள் முழுதும் தேடுவீர்கள். ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு தனித்தனி பெரிய மோனோ பிளக் உள்ள கேபிளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செருகினால் போதும்.

ஒலி அளவை வைக்கும்போது பல்லவியின் முதல் வரியைப் பாடிப் பார்ப்பது தவறு. சரணத்தில் நீங்கள் தொடும் மிக உயர்ந்த இடத்தை, தார மத்தியமமோ பஞ்சமமோ, முழுத் தொண்டையில் பாடிப் பாருங்கள். அப்போது அளவுமானி மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்க வேண்டும். பூஜ்யத்தைத் தாண்டினால் குரல் கிழியும். 24 பிட்டில் பதிந்தால் மெல்லிய இடங்களைப் பிறகு தாராளமாக உயர்த்திக்கொள்ளலாம். அளவு மீறிக் கிழிந்த குரலைச் சரிசெய்ய வழி கிடையாது.

மகன் அதே நேரத்தில் வாசித்தால் மிருதங்கத்துக்கு முன்னால், இரண்டு முழங்கையளவு தள்ளி, இரண்டாவது மைக்கை நடுவில் வையுங்கள். வலந்தலைக்கும் தொப்பிக்கும் இடையே சமநிலை வரும்வரை மைக்கை நகர்த்துங்கள். இன்டர்ஃபேஸில் உள்ள குமிழைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அவன் வேறொரு நாள் வந்து வாசிப்பான் என்றால், பாட்டு தொடங்குமுன் ஓர் ஆவர்த்தனம் தாளத்தைக் கேட்கும்படி கையால் தட்டிவிடுங்கள். எடுப்பு எங்கே என்று அவனுக்குத் தெரியும். முடிந்ததும் அந்தத் தட்டலை வெட்டிவிடலாம்.

மாணவிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், கோப்பு அப்படியே போகும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ தடம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 மெகாபைட் பிடிக்கும். மூன்று தடமுள்ள பத்து நிமிடக் கீர்த்தனைக்கு 240. உங்கள் ஐபேட் 64 ஜிபி என்றால் இடம் சீக்கிரமே நெருக்கும். ஒவ்வொரு கீர்த்தனையையும் வேவ் கோப்பாக எடுத்து, ஹப்பில் பென் டிரைவைச் செருகி நகல் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் ராகம், தாளம், கட்டை, தேதியோடு, எந்தக் குருவிடம் கற்ற பாடம் என்பதையும் எழுதிவிடுங்கள்.