பட்டறைக் கேள்விகள்: நான்கு வெட்டு நட்டும் ஒரு காலணாவும்

பர்மாவின் மோல்மேனில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு வண்டி வருவது குறையும், கேள்வி வருவது கூடும். இந்த முறை வந்தவை எல்லாம் சொந்தமாகச் செய்கிற கருவிகளைப் பற்றியவை.

தாட்டோனிலிருந்து: அண்ணே, கிளட்ச் நடுவில் இருப்பது ஆறுமுனை நட்டு இல்லை. வட்டமாக, நான்கு வெட்டோடு இருக்கிறது. உளி வைத்துத் தட்டலாமா?

தட்டாதீர்கள் தம்பி. முதல் தடவை கழன்றுவிடும். வெட்டின் விளிம்பு மழுங்கிப்போய், அடுத்த தடவை எதுவும் பிடிக்காது. நம் பக்கம் ஓடும் சீன வண்டிகளில் நிறைய எஞ்சின்கள் ஹோண்டாவின் சாயல்தான். அதற்கான சாக்கெட்டின் அளவு வெளிவட்டம் 24, உள்வட்டம் 20 மில்லிமீட்டர். ஆனாலும் உங்கள் நட்டை அளந்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

அந்த அளவுக்குப் பொருந்தும் பழைய சாக்கெட் ஒன்று போதும். நட்டின் முகத்தில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, சாக்கெட்டின் வாயை அதன் மேல் அழுத்துங்கள். கரி படாத நான்கு இடங்கள்தான் பற்கள் நிற்க வேண்டிய இடம். மற்றதை அறுத்து எடுங்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் ரம்பமும் அரமும் இருந்தால் நடக்கும் வேலை. சாக்கெட் ரம்பத்துக்கு மசியவில்லையென்றால், சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள், இளகும். பல்லின் பக்கங்கள் நேராக நிற்க வேண்டும். சரிவாக இருந்தால் முறுக்கும்போது மேலேறி நழுவும். அறுத்த பிறகு மறுபடி சிவக்க வைத்துப் பழைய எண்ணெயில் முக்கினால் கெட்டிப்படும். தண்ணீர்க் குழாயில் செய்யாதீர்கள். அதில் கார்பன் குறைவு, எத்தனை முறை முக்கினாலும் கெட்டிப்படாது.

நட்டைத் திருப்பும்போது கிளட்ச்சும் சேர்ந்து சுற்றுமே? கிளட்ச்சின் பற்சக்கரமும் அதோடு சேர்ந்து சுற்றும் பற்சக்கரமும் கடிக்கிற இடத்தில் ஒரு செம்புக் காசைச் செருகுங்கள். மேலே வைத்தால் ஒரு திசைக்கும், கீழே வைத்தால் எதிர்த்திசைக்கும் பூட்டிக்கொள்ளும். எங்கள் பட்டறையில் இதற்கென்றே தாத்தாவின் பெட்டியிலிருந்து வந்த காலணா ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்கு என்ன வாங்கினார்களோ, இப்போது கிளட்ச்சைப் பிடிக்கிறது. இரும்பு வாஷரை மட்டும் செருகாதீர்கள், பல் உடையும். நட்டுக்கு அடியில் பூட்டு வாஷர் இருந்தால் அதன் மடிப்பை முதலில் நிமிர்த்திவிடுங்கள்.

ஜியாவாடியிலிருந்து: மேக்னட்டைக் கழற்ற, மூன்று கால் புல்லர் (பிடித்து இழுக்கும் கருவி) ஒன்றை வெல்டிங் செய்து வைத்திருக்கிறேன். சரிதானே?

இல்லை. மேக்னட் என்கிற காந்தச் சக்கரம், பிஸ்டன் சுற்றவைக்கும் கிராங்க் தண்டின் நுனிச் சரிவில் இறுகி உட்கார்ந்திருக்கிறது. விளிம்பைப் பிடித்து இழுத்தால் அது வளையும், நடு அசையாது. அதன் நடுவிலேயே மரை இருக்கிறது. அந்த மரையில் ஏறும் புல்லரைக் கடையில் வாங்குங்கள். இடமரையா வலமரையா என்று பார்த்து வாங்க வேண்டும். பத்தொன்பது வயதில் நான் சுத்தியலால் அடித்தேன். உள்ளே காந்தம் விரிசல் விட்டது. துண்டுகளை அழுத்திச் சேர்த்த கிராங்கும் கோணிப்போய், வண்டி அதிர ஆரம்பித்தது. வண்டிக்காரருக்கு இன்னொரு கிராங்க் வாங்கிக் கொடுத்தேன். பிடிப்பதற்கும் அமுக்குவதற்கும் கருவி நாமே செய்யலாம். இழுப்பதற்கு வேண்டாம் என்பது அன்றைக்கு எடுத்த முடிவு.

ரங்கூனிலிருந்து: இங்கே மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் என் வண்டி பெகுவில் மாமா வீட்டில் நிற்கிறது. மேக்னட் நட்டைத் திருப்பினால் எஞ்சினே சுற்றுகிறது. பிளக் துளையில் போல்ட் விட்டு பிஸ்டனை நிறுத்தலாமா?

கூர்மையான போல்ட் பிஸ்டனில் குழி போடும். சுத்தமான, பிரி அவிழாத பருத்திக் கயிறே போதும். கம்ப்ரஷன் சுற்றில் (வால்வுகள் மூடியிருக்க பிஸ்டன் மேலேறும்போது), பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே கயிற்றை உள்ளே விட்டு, ஒரு முனையை வெளியே தொங்கவிடுங்கள். மெத்தைபோல் அமுங்கி நிறுத்திவிடும். வேறு சுற்றில் செய்தால் திறந்திருக்கும் வால்வில் கயிறு மாட்டும், கவனம்.

முடோனிலிருந்து: வால்வு ஸ்பிரிங்கை அமுக்க என்ன செய்யலாம்?

தச்சர் வைத்திருக்கும் ஜி கிளாம்பும், பக்கத்தில் ஜன்னல் வெட்டிய குழாய்த் துண்டும். குழாய் ஸ்பிரிங்கின் மேல்தட்டில் உட்கார வேண்டும். ஜன்னல் வழியாக, தட்டை வால்வோடு பிடித்திருக்கும் சிறு லாக்கை எடுங்கள். திரும்பப் போடும்போது கிரீஸ் தடவிய ஸ்க்ரூ டிரைவர் நுனியில் ஒட்டவைத்து உள்ளே விடலாம். முகத்தை நேராக வைக்காதீர்கள். லாக் தெறித்தால் கண்ணும் போகும், லாக்கும் கிடைக்காது.

அதே அன்பர்: டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் திருகுக்கும் நடுவில்) 0.05 மில்லிமீட்டர் என்கிறார்கள். அதை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் இல்லை, சவர பிளேடு போதுமா?

பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு. கேஜ் வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. இரவு முழுவதும் எஞ்சினை ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் அளவெடுங்கள்.