கற்பனை நாட்டுக்கு வரைபடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கற்பனைக் கதைக்குள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடி வருகிறோம். அடுத்த கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. எனக்கு ஓவியம் வராது. கதை நிகழும் நாட்டின் வரைபடத்தைக் கணினியில் வரைய எந்த மென்பொருள் ஏற்றது? பணம் செலவழிக்காமல் தொடங்க முடியுமா?

பதில்: மென்பொருளைத் தேடுவதற்கு முன், உங்களுக்கு வேண்டியது எந்த வகை வரைபடம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். மலை, ஆறு, நகரம், எல்லை ஆகியவற்றைக் காட்டும் நிலப்பரப்பு வரைபடம் ஒரு வகை. சத்திரத்துக் கூடத்திலோ குகையின் உள்ளறையிலோ பாத்திரங்களின் பொம்மைகளை நகர்த்திச் சண்டையிடுவதற்காகக் கட்டம் போட்ட களவரைபடம் இன்னொரு வகை. முதல் வகைக்கு வொண்டர்டிராஃப்ட் பொருத்தமானது; அதை உருவாக்கியவரே வெளியிட்ட டன்ஜன்டிராஃப்ட் இரண்டாம் வகைக்கானது. இரண்டையும் ஒருமுறை பணம் கொடுத்து வாங்கிக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். இன்கார்னேட் உலாவியிலேயே இயங்குகிறது. இலவசக் கணக்கில் மலை, மரம், கோட்டை போன்றவற்றுக்கான ஆயத்தச் சின்னங்கள் குறைந்த அளவிலும், சந்தா கட்டினால் முழுத் தொகுப்பும் கிடைக்கும். இவற்றுக்கெல்லாம் மூத்தது 1993இல் வெளிவந்த கேம்பெயின் கார்ட்டோகிராஃபர். பொறியியல் வரைவுக்கான கேட் மென்பொருளை அடித்தளமாகக் கொண்டிருப்பதால் அதைக் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். ஆனால் கைவந்துவிட்டால் அளவு பிசகாத வரைபடத்தை அது தரும்.

செலவில்லாத வழியும் உண்டு. அஸ்கார் என்ற புனைபெயருடைய நிரலாளரின் ஃபேன்டஸி மேப் ஜெனரேட்டர் திறமூல மென்பொருள். ஒரு சொடுக்கில் கண்டம், ஆறு, காடு, அரசு, ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் அது உருவாக்கிவிடும். பிடிக்காதவற்றை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். ஓவியம் வராத ஒருவர் இதிலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் அது தரும் உலகம் முழுவதையும் ஆட்டக்காரர்களின் முன் விரித்துவிடாதீர்கள். நூற்றுக்கணக்கான ஊர்கள் கொண்ட கண்டத்தில் எதுவும் மனத்தில் நிற்காது. அதில் ஒரு மூலையைத் தேர்ந்து, கதை தொடங்கும் கிராமத்திலிருந்து இரண்டு மூன்று நாள் நடையில் எட்டக்கூடிய இடங்களை மட்டும் கவனத்தோடு வரையுங்கள். எந்தப் பக்கம் போவது என்று ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வாதிடும்படி அந்தச் சிறு பரப்பில் மூன்று நல்ல காரணங்கள் இருந்தால் முதல் சில அமர்வுகளுக்கு அதுவே போதும்.

கேள்வி: நான் வரைந்த வரைபடம் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் "அந்தக் கோட்டைக்குப் போக எத்தனை நாளாகும்?" என்று ஆட்டக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சதுரக் கட்டம் போடுவதா, அறுகோணக் கட்டம் போடுவதா?

பதில்: அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காகத்தான் விளையாட்டில் வரைபடமே இருக்கிறது. ஆகவே முதல் மலையை வைப்பதற்கு முன்பே அளவுகோலைத் தீர்மானித்துவிட வேண்டும். வரைந்து முடித்தபின் அளவுகோலைப் பொருத்த முயன்றால், ஒரு மலைத்தொடர் நம்ப முடியாத அளவுக்கு நீண்டிருக்கும், அல்லது இரண்டு தலைநகரங்கள் அரை நாள் நடையில் நெருங்கிக் கிடக்கும்.

நாட்டுப்புறப் பயணத்துக்கு அறுகோணமே சிறந்தது. அறுகோணத்தின் மையத்திலிருந்து அண்டையிலுள்ள ஆறு அறுகோணங்களின் மையங்களுக்கும் ஒரே தூரம். சதுரத்திலோ மூலைவாட்டில் போகும் தூரம் நேராகப் போவதைப் போல ஏறத்தாழ 1.41 மடங்கு, கட்டத்தை எண்ணித் தூரம் சொன்னால் கணக்கு பிசகும். இந்த வழக்கம் இந்த விளையாட்டின் பிறப்போடு வந்தது. 1974இல் வெளியான முதல் பதிப்பே, காட்டுவெளிப் பயணத்துக்கு அவலான் ஹில் நிறுவனத்தின் அவுட்டோர் சர்வைவல் என்ற வேறொரு விளையாட்டின் அறுகோணப் பலகையைப் பயன்படுத்தச் சொன்னது.

அறுகோணத்தின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 6 மைல் என்று வைத்துக்கொள்வது பலரும் கையாளும் முறை. அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி, இயல்பான வேகத்தில் ஒரு குழு நாளொன்றுக்கு 24 மைல் நடக்கும். விரைந்தால் 30 மைல், பதுங்கிச் சென்றால் 18 மைல். 6 மைல் அறுகோணத்தில் இவை முறையே நான்கு, ஐந்து, மூன்று கட்டங்களாக மீதியின்றி வகுபடுகின்றன. மேலும், சமவெளியில் நிற்கும் மனிதனின் கண்ணுக்குத் தொடுவானம் ஏறக்குறைய 3 மைல் தொலைவில் தெரிகிறது. அறுகோணத்தின் நடுவில் நிற்பவரால் அதன் விளிம்பு வரைதான் பார்க்க முடியும் என்பதால், அடுத்த கட்டத்தில் என்ன இருக்கிறதென்று அறிய நடந்தேதான் ஆக வேண்டும். உயரமான கோபுரத்திலோ குன்றிலோ ஏறினால் அப்பாலும் தெரியும். அதை அறிந்த ஆட்டக்காரர்கள் குன்றைத் தேடி ஏறத் தொடங்குவார்கள்.

சண்டைக் களத்துக்குச் சதுரமே வசதி. அங்கே ஒரு கட்டம் 5 அடி. 30 அடி வேகமுள்ள பாத்திரம் ஒரு முறையில் ஆறு கட்டம் நகரும். சுவர்களும் தூண்களும் கட்டக்கோட்டின் மீதே அமையும்படி வரையுங்கள். பாதிக் கட்டத்தில் முடியும் சுவரைப் போல வீண் சச்சரவைக் கிளப்புவது வேறில்லை.

கேள்வி: வரைபடத்தில் ஆறுகள் பிரியக் கூடாது, சேரத்தான் வேண்டும் என்று ஒரு கையேட்டில் படித்தேன். நான் திருச்சிக்காரன். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதை நாள்தோறும் பார்க்கிறோமே, அந்த விதி சரிதானா?

பதில்: விதி பெரும்பாலும் சரி, உங்கள் ஊர் அதற்கான விலக்கு. அந்த விலக்கு எப்படி நேர்கிறது என்று புரிந்துகொண்டால் உங்கள் கற்பனை ஆறுகளும் உயிர்பெறும்.

ஆறு இரண்டாகப் பிரிந்தால், எந்தக் கிளையின் படுகை தாழ்ந்திருக்கிறதோ அது மேலும் மேலும் நீரை இழுத்துக்கொள்ளும். மற்றது தூர்ந்து வற்றிப்போகும். மேட்டு நிலத்தில் பிரிவு நிலைக்காமல் போவதற்கு இதுவே காரணம். கடலை நெருங்கும் சமவெளியில் சரிவு குறைந்து, வண்டல் படிந்து, ஆறு தன் வழியைத் தானே அடைத்துக்கொள்வதால் பல கிளைகள் உண்டாகின்றன, அதுதான் கழிமுகம். காவிரி விஷயத்திலும் தாழ்ந்த படுகையுள்ள கொள்ளிடம் நீரையெல்லாம் இழுத்துக்கொண்டு, தஞ்சைக்குப் பாயும் காவிரியை வறளவிடும் நிலை வந்தது. அதைத் தடுக்கத்தான் 1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அதாவது, அங்கே பிரிவு நிலைத்திருப்பதற்கு மனித உழைப்பு தேவைப்பட்டிருக்கிறது. இதை உங்கள் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்: ஆறு பிரியும் இடத்தில் ஓர் அணை, அதைக் காக்கும் காவற்படை, அது உடைந்தால் பாழாகும் வயல்நாடு. கதைக்கு இதைவிட நல்ல விதை கிடைப்பது அரிது.

இயற்கையான விலக்குகளும் உலகில் உள்ளன. வெனிசுவேலாவில் ஒரினோகோ ஆற்றிலிருந்து பிரியும் காசிகியாரே என்ற கிளையாறு, அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோவில் கலந்து, இரண்டு பெரும் ஆற்று வடிநிலங்களை இணைக்கிறது. அப்படி ஒன்றை வரைய விரும்பினால் வரையுங்கள். ஆனால் கண்டத்துக்கு ஒன்று போதும்.

கையால் வரையும் மென்பொருள்கள் நீங்கள் இழுக்கும் கோட்டை நெளிந்த ஆறாக மாற்றித் தருமே தவிர, அது மேட்டில் ஏறுகிறதா என்று பார்ப்பதில்லை. ஆகவே எப்போதும் மலையிலிருந்து கடலை நோக்கி வரையும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்குள் எத்தனை ஆறு வந்தாலும் வெளியே போவது ஒன்றாக இருக்கட்டும். அஸ்காரின் மென்பொருள் நிலத்தின் உயரத்தையும் மழையளவையும் கொண்டே ஆறுகளைக் கணக்கிடுகிறது. காற்றின் திசையையும் அதில் மாற்றலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் தென்மேற்குப் பருவமழையில் நனையும்போது இந்தப் பக்கம் மழை குறைந்திருப்பதை அறிந்தவர்கள் நாம். காற்றின் திசையைத் திருப்பிப் பார்த்தால், மலைக்குப் பின்னால் காடு இருந்த இடம் வறண்ட நிலமாவதைத் திரையிலேயே காணலாம்.

கேள்வி: ஊர்ப்பெயர்களைத் தமிழில் இட்டால் கொம்பும் காலும் இடம் மாறிக் குலைந்துபோகின்றன. ஆங்கிலத்தில் எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். தமிழில் நடக்கும் கதைக்குத் தமிழ்ப் பெயர்களே இருக்க வேண்டும். 'கெ' என்பது யூனிகோடில் முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. சில வரைபட மென்பொருள்களுக்கு அது தெரியாது. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை.

பெயர்கள் இல்லாமல் வரைபடத்தை ஏற்றுமதி செய்து, இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் அதை அடி அடுக்காக வைத்துப் பூட்டிவிட்டு, மேலே தனி அடுக்கில் பெயர்களை எழுதுங்கள். தமிழ் அங்கே சரியாக வரும். ஆற்றின் வளைவோடு எழுத்தை வளைக்கவும் முடியும். ஊர்களுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மலைக்கும் கடலுக்கும் கையெழுத்துச் சாயலுள்ள கவிவனார் என்று இரண்டு எழுத்துருக்கள் போதும், இரண்டும் இலவசம். ஆங்கிலத்துக்குப் போதுமான எழுத்தளவில் தமிழின் சுழிகள் அடைபட்டுவிடும் என்பதால் சற்றுப் பெரிதாகவே எழுதுங்கள். பெயர்கள் தனி அடுக்கில் இருப்பதால், ஆட்டக்காரர்கள் இன்னும் கண்டறியாத இடங்களின் பெயர்களை மறைத்து இன்னொரு படியும் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: களவரைபடத்தை அச்சிட்டால் மங்கலாக வருகிறது, கட்டமும் பொம்மைக்குப் பொருந்துவதில்லை.

பதில்: பொம்மைகளுக்கான கட்டம் 1 அங்குலம். திரையில் ஆடுவதற்குக் கட்டத்துக்கு 100 பிக்சல் போதுமானது. அச்சுக்கு 150 முதல் 300 வரை வேண்டும். 20க்கு 30 கட்டமுள்ள களத்தை 300 பிக்சலில் ஏற்றுமதி செய்தால் 6,000க்கு 9,000 பிக்சல் படம் கிடைக்கும். ஏ4 தாளில் ஓரம் போக 7க்கு 10 கட்டம் அமையும் என்பதால் ஒன்பது தாள்களில் அது அடங்கிவிடும். அச்சிடும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற தெரிவை நீக்கி, நூறு சதவீத அளவிலேயே அச்சிடுங்கள். கட்டம் சுருங்குவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

கேள்வி: நான் எழுதிய சாகசக் கதையை வரைபடத்தோடு விற்க விரும்புகிறேன். சட்டச் சிக்கல் வருமா?

பதில்: மென்பொருளின் உரிமமும் சின்னங்களின் உரிமமும் வெவ்வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். இன்கார்னேட்டின் இலவசக் கணக்கில் வரைந்தவை சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. விற்பதற்குச் சந்தா வேண்டும். வொண்டர்டிராஃப்ட்டோடு வரும் சின்னங்களை விற்பனைக்கான வரைபடங்களில் பயன்படுத்தலாம். ஆனால் பிறர் வரைந்து தனியாக வெளியிட்ட மரங்களையும் கோட்டைகளையும் சேர்த்திருந்தால், அவை ஒவ்வொன்றுக்கும் அவற்றை வரைந்தவரின் நிபந்தனையே செல்லும். சிலர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பார்கள், சிலர் வணிகப் பயன்பாட்டை அறவே விலக்கியிருப்பார்கள். எந்தத் தொகுப்பை எங்கிருந்து, எந்த நாளில் எடுத்தீர்கள் என்பதையும், அன்றிருந்த உரிம வாசகத்தையும் வரைபடக் கோப்பு இருக்கும் கோப்புறையிலேயே ஓர் உரைக்கோப்பாகச் சேமித்து வையுங்கள்.