கார்டு யாரிடம் இருக்கிறது?

கேள்வி: எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் தேறி, எம்.டெக். கணினி அறிவியல் முதலாண்டு படிக்கிறேன். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். அப்பா இதய நோயாளி, வேலைக்குப் போவதில்லை. என் ஏடிஎம் கார்டு அண்ணனிடம் இருப்பதால் வீட்டுச் செலவை அவனே பார்த்துக்கொள்கிறான். எனக்கு மாதம் 1,500 ரூபாய் அனுப்புவான். மூன்று மாதமாக உதவித்தொகை வரவில்லை என்கிறான். படிப்பை விட்டுவிட்டு ஐ.டி. வேலைக்குப் போய்விடட்டுமா?

பதில்: மகளே, படிப்பா வேலையா என்பதை அப்புறம் பார்ப்போம். 'வரவில்லை என்கிறான்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அதற்குப் பதில் சொல். உன் பெயரில் இருக்கிற கணக்கில் பணம் விழுந்ததா இல்லையா என்று அண்ணன் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா? வங்கியின் குறுஞ்செய்தியும் அவன் போனுக்குத்தான் போகிறதா?

இந்த உதவித்தொகை தாமதமாவது உண்டுதான். கல்லூரி மாதாமாதம் உன் வருகையைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் நகரும். அது தள்ளிப்போனால் நிலுவை சேர்ந்து மொத்தமாக வரும். அதனால் அண்ணன் சொல்வது மெய்யாகவே இருக்கலாம். அவனை நான் திருடன் என்று சொல்லவில்லை. நீ போய்ப் பார்க்கவே இல்லை என்கிறேன். பார்க்காமலே படிப்பை விடுகிற அளவுக்கு வந்துவிட்டாய்.

இந்த உதவித்தொகை யாரோ போட்ட பிச்சை இல்லை. கேட் எழுதித் தேறினாய். வாரந்தோறும் சில மணி நேரம் ஆய்வகத்திலும் வகுப்பிலும் உதவி வேலை செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இளநிலைப் பிள்ளைகளின் ப்ரோகிராம் ஓடாமல் நிற்கும்போது பக்கத்தில் நின்று பிழை தேடித் தருகிறவள் நீ. இந்தத் தொகைக்குக் கூட்டுக் கணக்கையே ஏற்பதில்லை. நீயோ கார்டையும் ரகசிய எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு விடுதிக்கு வந்திருக்கிறாய்.

பெற்றவர்களுக்குச் செய்வது கடமை. நோயாளித் தகப்பனுக்குச் செய்வதில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறவள் நான். ஆனால் செய்கிறவளுக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அப்பாவின் மாத்திரைக்கு மாதம் என்ன ஆகிறது என்று உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அண்ணன் என்ன சம்பாதிக்கிறான், அதில் எவ்வளவு வீட்டுக்குத் தருகிறான் என்பதும் இல்லை. அவர் அவனுக்கும்தானே அப்பா?

வேலைக்குப் போவது தப்பில்லை. ஆனால் உதவித்தொகை அதிகபட்சம் 24 மாதம், மொத்தம் 2,97,600 ரூபாய். கேட் மதிப்பெண் முடிவு வந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் செல்லும். அதைத் தாண்டித் திரும்பி வந்தால் மறுபடி எழுத வேண்டும். இவ்வளவையும் விட்டுவிட்டுப் போனால், சம்பளக் கணக்கின் கார்டு மட்டும் யாரிடம் இருக்கப்போகிறது?

நாளைக்கே வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் பதிவு போடு. பழைய கார்டை முடக்கிப் புதிது வாங்கு, உன் போன் எண்ணைப் பதிவு செய். பணம் வந்திருக்கவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் எந்த மாதத்து ஒப்புதல் நிற்கிறது என்று கேள். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு மருந்துச் சீட்டை வரி வரியாகப் படிக்கச் சொல். அந்தத் தொகையை நேராக அம்மா கணக்கில் போடு. அண்ணன் கோபித்துக்கொண்டால், பாஸ்புக்கை நடுவில் வைத்துக்கொண்டு அவனோடு பேசு.