மங்கு: தட்டா, திட்டா?

வணக்கம் ஐயா,

ஜூரோங் வெஸ்ட்டில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் சிங்கப்பூர்தான். சோற்றுத் தட்டை எங்கள் வீட்டில் மங்கு என்றுதான் சொல்வோம். என் அம்மா சொன்னார், நானும் அப்படியே பழகிவிட்டேன். மருமகள் மதுரைப் பெண். வந்த புதிதில் "ஒரு மங்கு எடுத்துக்கிட்டு வாம்மா" என்றேன், புரியாமல் அப்படியே நின்றாள். அவர்கள் ஊரில் மங்கு என்றால் முகத்தில் வரும் கருந்திட்டாம். சரி, அதை விடுங்கள். போன வாரம் தொடக்கநிலை நான்கில் படிக்கும் பேரன், கூடப் படிக்கும் பையனை "டேய் மங்கு" என்று கூப்பிட்டு ஆசிரியரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தான். இனிமேல் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்கிறான் மகன். மங்கு தமிழே இல்லையா? கெட்ட வார்த்தையா? நான் நிறுத்திவிட வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள அம்மாவுக்கு,

நிறுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலாயில் கிண்ணத்துக்கு 'மங்கோக்' என்று பெயர். கடைசி எழுத்து தேய்ந்து நம்மவர் வாயில் அது மங்கு ஆயிற்று. மலாய்க்காரர்களுக்கு அது கிண்ணம் மட்டும்தான். தட்டு என்றால் 'பிங்கான்'. நம் வீடுகளில் சிலர் கிண்ணத்தை மங்கு என்பார்கள், உங்களைப் போலச் சிலர் சோற்றுத் தட்டைச் சொல்வார்கள். பழைய எனாமல் மங்கைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் ஏன் என்று புரியும். வெள்ளைப் பூச்சு, நீல விளிம்பு, பூச்சு பெயர்ந்த இடத்தில் கறுப்பாகத் தெரியும் இரும்பு. குழம்பை நிறைய ஊற்றினாலும் வழியாத அளவுக்கு நடுவில் குழி இருக்கும். அதைத் தட்டு என்றாலும் தகும், கிண்ணம் என்றாலும் தகும்.

உங்கள் மருமகள் சொன்னதும் சரிதான். மங்குவது என்றால் ஒளி குறைவது, நிறம் குன்றுவது. முகத்தில் விழும் மங்கு அதிலிருந்து வந்தது. ஏழரைச் சனியின் முதல் சுற்றை மங்கு சனி என்பார்களே, அதுவும் அதுதான். இது பழந்தமிழ் வேர். உங்கள் வீட்டு மங்கு கடல்வழி வந்தது. ஓசை ஒன்றாக இருக்கிறதே தவிர இரண்டுக்கும் உறவு இல்லை. ஆனால் ஒன்று, மருமகள் மதுரையிலிருந்து இரண்டு மணி நேரம் பயணம் செய்து காரைக்குடிக்குப் போனால் உங்கள் மங்கை அங்கேயே பார்க்கலாம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன நகரத்தார் வீடுகளில் எனாமல் பாத்திரங்களுக்கு மங்குச் சாமான் என்றுதான் பெயர். பழம்பொருள் கடைகளில் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

தமிழே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பீங்கான் பாரசீகத்திலிருந்து வந்தது, கோப்பை போர்த்துக்கீசியத்திலிருந்து. வந்த சொல்லையெல்லாம் வெளியே அனுப்பினால் நம் அடுக்களை பாதி காலியாகிவிடும். கொடுத்ததும் நாம் நிறையக் கொடுத்திருக்கிறோம். மலாயில் கடை 'கெடாய்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்', கப்பல் 'காப்பால்'. நம் கட்டிலில் அவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அவர்கள் கிண்ணத்தில் நாம் சாப்பிடுவதில் என்ன குறை?

இனி பேரன் விஷயம். மலாய்ப் பேச்சு வழக்கில் ஒருவனை மங்கோக் என்றால் மடையன் என்று அர்த்தம். 'மங்கோக் ஹாயுன்' என்றால் இன்னும் காட்டம். ஹாயுன் என்றால் வீசி ஆட்டுவது. கையில் வீசிக்கொண்டு போகும் அடுக்குப் பாத்திரத்தை, நாம் திங்காட் என்கிறோமே, அதைத்தான் அந்தப் பெயர் குறித்தது என்பார்கள். பாத்திரம் போன வழியில் வசவும் தமிழ்ப் பிள்ளைகளின் வாய்க்கு வந்துவிட்டது. கூடப் படிக்கிறவனை மடையன் என்று கூப்பிட்டால் எந்த ஆசிரியரும் கண்டிக்கத்தான் செய்வார். அதில் அவர்மேல் தவறில்லை. பேரனை அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள்.

ஆனால் அதற்காகத் தட்டின் பெயரை ஏன் தண்டிக்க வேண்டும்? தமிழ்நாட்டில் இப்போது சொம்பு தூக்குவது என்றால் ஒருவருக்கு ஒத்து ஊதுவது. ஓடாத படத்தை டப்பா படம் என்கிறார்கள். அதனால் கல்யாண வீட்டில் சொம்பில் தண்ணீர் வைப்பதை யாரும் நிறுத்தவில்லை, கடுகு டப்பாவுக்கு வேறு பெயரும் தேடவில்லை. பிள்ளைகள் விவரமானவர்கள். எங்கே எந்தப் பொருளில் சொல்லலாம் என்று ஒரு முறை எடுத்துச் சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள். தேர்வுக் கட்டுரையில் தட்டு, கிண்ணம் என்று எழுதட்டும். சாப்பாட்டு மேசையில் பாட்டி சொல்லும் மங்கு அவனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் மகனிடம் எனக்குக் கோபமில்லை. பிள்ளைக்காகப் பதறுகிறார். எனக்குப் பதற்றம் வேறு இடத்தில். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2008இல் வந்த இரண்டாம் பதிப்பில் இலங்கை வழக்குகளுக்குத் தனிக் குறியிட்டு இடம் கொடுத்தது. அதைப் புரட்டும்போதெல்லாம் நம் ஊருக்கும் அப்படி ஒரு குறி வேண்டும் என்று ஏங்குகிறேன். பசியாறுவது (காலை உணவு சாப்பிடுவது), சடக்கு (சாலை), மங்கு எல்லாம் இங்கே வாழ்ந்தவர்கள் பேசிப் பேசி உருவான தமிழ். வயதானவர்கள் வாயை மூடிக்கொண்டால் இவற்றைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

அதனால் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் அம்மா அடுக்களையில் புழங்கிய சொற்களை நினைவு வந்தபடி எழுதி அனுப்புங்கள். எது எந்தப் பாத்திரம், எதற்குப் பயன்பட்டது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பேரனை எழுதச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் இன்னும் நல்லது.

அன்புடன்